மனிதர்கள் உள்ள கட்டங்கள்

உடங்காட்டூரில் முதன்முதலாகக் காணாமல் போனது தெற்குத் தெரு முக்கில் நின்ற விளக்குக் கம்பம். அது எப்படிப் போனது என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அன்று காலை பதினொரு மணிக்கு ஞானதிரவியம் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சென்டரில் மகளுடைய வருமானச் சான்றிதழுக்காக உட்கார்ந்திருந்த கோழிக்கடை செல்லப்பாவிடம், விளக்குக் கம்பம் உள்ள கட்டங்களை எல்லாம் தேர்ந்தெடுக்கும்படி திரை சொன்னது, ஒன்பது கட்டங்களில் ஒன்றில் அந்தக் கம்பமே நின்றது, அதில் கட்டியிருந்த சாயம்போன கட்சிக் கொடிகூடத் தெரிந்தது, "நம்ம தெரு லைட்டுல்லா இது!" என்று சொந்தக்காரரைப் பேப்பரில் பார்த்துவிட்ட சந்தோஷத்தோடு செல்லப்பா அதை அழுத்தினார், பச்சைக் குறி விழுந்தது, சான்றிதழோடு வீட்டுக்குப் போனால் கம்பம் இல்லை. குழி இல்லை, சிமென்ட் பெயர்ந்த தடம் இல்லை. அந்த இடம் பிறந்ததிலிருந்தே வெறுந்தரையாக இருந்ததைப் போலக் கிடந்தது. மின்கம்பி மட்டும் ஒன்றையும் பிடிக்காமல் அதே உயரத்தில் நின்றது.

அதற்கு முன்னால் பல வருடங்களாக அந்தத் திரை அயல்தேசத்துச் சாமான்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சாதிச் சான்றிதழோ பட்டா நகலோ எது வேண்டுமென்றாலும் 'நான் இயந்திரம் அல்ல' என்று முதலில் ஒரு குறி போட வேண்டும், போட்டாலும் நம்பாது, படங்களைக் காட்டி இதில் சிக்னல் எது, தீயணைப்புக் குழாய் எது, மஞ்சள் பஸ் எது என்று கேட்கும். சிக்னலே இல்லாத ஊரில், தீப்பிடித்தால் வாளியோடு ஓடுகிற ஊரில், ஆடு மேய்க்கிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் எந்த நாட்டுத் தெருக்களையோ படித்துத் தேறினார்கள். மனிதன் என்று காட்டிக்கொள்வதற்கு மனிதனுக்குப் பரீட்சை வைக்கிறார்களே என்று யாருக்காவது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'ஒரு நிமிச வேல, இருங்க முடிஞ்சிரும்' என்று அண்ணாச்சி சொல்வார், அவர்கள் இருப்பார்கள், பொழுது சாயும்.

கோபம் வந்தது சுடலைவடிவுக்கு மட்டும்தான். தெற்குத் தெரு மந்திரமூர்த்தியின் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் வருடம். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊரிலேயே தங்கிவிட்டவள். தர்க்கம் செய்ய ஆளில்லாவிட்டால் சுவரில் ஒட்டிய காலண்டரோடு தர்க்கம் செய்வாள் என்று அவள் அப்பாவே சொல்வார். திரை ஏன் தங்கள் ஊரை இப்படிச் சந்தேகப்படுகிறது என்பதை அவள்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"எல்லாரும் அண்ணாச்சி நம்பரையே குடுத்தா அது என்ன நெனைக்கும்?" என்றாள்.

விஷயம் அதுதான். உடங்காட்டூரில் செல்போன் கோபுரத்தின் சிக்னல் அண்ணாச்சியின் கடை மாடியில் மட்டும்தான் முழுதாகக் கிடைக்கும். ரகசிய எண் வந்தால் இரண்டு நிமிடத்துக்குள் போட்டாக வேண்டும், அதற்குள் தெருவிலிருந்து யார் ஓடிவருவது? அதனால் எந்த விண்ணப்பம் கைபேசி எண் கேட்டாலும் ஊரே அண்ணாச்சியின் எண்ணைத்தான் கொடுத்தது. அவரும் போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், ஆறு இலக்கம் வந்து விழுந்த மாத்திரத்தில் அதை ஏலம் கூறுவதைப் போலத் தெருவுக்குக் கேட்கக் கூவினார். இப்படி நாலாயிரத்துச் சொச்சம் பேரும் ஒரே எண்ணுக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

"அதுக்கு நாம நாலாயிரம் பேர் இல்ல அண்ணாச்சி. ஒரே ஒரு ஆளு. திங்கக்கிழம செத்துப் போறான், செவ்வாக்கிழம கல்யாணப் பதிவுக்கு வாறான், ஒரே நாள்ல பிரசவ உதவியும் கேக்கான், முதியோர் உதவியும் கேக்கான். இவன் மனுசனா இருக்க மாட்டான்னு அது நெனைக்காதா?"

"அப்ப நம்பர மாத்திருவோம்னு சொல்லுதியா?"

"மாத்துவோம்."

மாற்றத்தான் முயன்றார்கள். எண்ணை மாற்ற வேண்டும் என்றால் மனிதர் என்று நிரூபிக்க வேண்டும், நிரூபிக்க வேண்டும் என்றால் கட்டங்களை அழுத்த வேண்டும். முதல் மூன்று குடும்பங்கள் மாற்றி முடிப்பதற்குள் ஊர்ப் பொதுக் கிணறும் தபாலாபீஸ் படிக்கட்டும் ஓடைப்பாலத்தின் பாதியும் போய்விட்டன. போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊர் பழகிக்கொண்டது, பழகிக்கொள்வதில் அந்த ஊரை மிஞ்ச முடியாது. கல்யாணப் பத்திரிகைகளில், மண்டபத்தின் படிக்கட்டு மறைந்துவிட்டபடியால் ஏணி வசதி செய்யப்பட்டுள்ளது என்று கடைசியில் ஒரு வரி அச்சடித்தார்கள். பாலத்தின் பாதிவரை நடந்து மீதியைத் தாண்டக் குழந்தைகள் பழகினார்கள், தாண்ட முடியாதவர்கள் ஓடைக்குள் இறங்கி ஏறினார்கள். மோட்டார் சைக்கிள், கார், ஆட்டோ என்று திரை அடுத்தடுத்துக் கேட்க, ஆறே மாதத்தில் ஊருக்குள் சக்கரம் என்று சொல்ல மாட்டு வண்டிகூட மிஞ்சவில்லை, வெளியூர் போக வேண்டுமானால் மெயின் ரோட்டில் நின்று வெளியிலிருந்து வருகிற பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டும். நாய்களைக் கேட்ட வாரத்துக்குப் பிறகு தெருக்களில் ஒரு குரைப்பும் கிடையாது. சத்தமில்லாத அந்த முதல் ராத்திரியைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை.

பேரூராட்சி சேர்மன் ஆவுடையப்பன் ஒரு கமிட்டி போட்டார். விண்ணப்பிக்கிறவர் பக்கத்தில் கமிட்டி ஆள் ஒருவர் உட்கார்ந்து எந்தக் கட்டத்தை விடுவது, எதை அழுத்துவது என்று சொல்வார். நியாயமான ஏற்பாடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் தண்ணீர்த் தொட்டி கேட்டபோது போனது தெற்குத் தெருத் தொட்டி, மரம் கேட்டபோது போனவை தெற்குத் தெரு வேம்புகள், மேலத் தெருவில் சேர்மன் வீட்டு வாசலில் நிற்கிற வேம்பு ஒவ்வொரு முறையும் படத்தில் தெளிவாகத் தெரிந்தும் அதை அழுத்தாமல் விட்டார்கள், தப்பான விடைக்கு ஆளை விரட்டியடிக்கிற அந்தத் திரை இந்தத் தப்பை மட்டும் ஒருமுறைகூடத் தப்பு என்று சொல்லவில்லை. 'அதுக்கும் தெரியுதுல்லா!' என்று வடிவு கத்தினாள். எந்திரம் எங்கிருந்தோ வந்திருக்கலாம், இந்தக் கணக்கை அது இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் ஆடு உள்ள கட்டங்களைக் கேட்டது. ஒரு கட்டத்தில் ஆட்டின் பக்கத்தில் செல்லப்பாவின் நிழல் விழுந்திருந்தது. ஆடு போனது, நிழலும் போனது. அதற்குப் பின் உச்சிவெயிலிலும் சாயங்காலத்திலும் நிழலில்லாமல் நடந்து போகிற செல்லப்பாவைப் பார்த்து, "வேய், நிழலுக்கா சோறு போடப் போறீரு, விடும்" என்று தேற்றினார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மந்திரமூர்த்தியின் காப்பீட்டு அட்டை அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு காலாவதி.

வாரத்தில் செவ்வாயும் சனியும் மாவட்டத் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். அட்டை இருந்தால்தான் படுக்கை, இல்லையென்றால் இல்லை. இடது கையில் டாக்டர்கள் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகத் தைத்துவிட்ட இடம் புடைத்திருக்கும், விரலை வைத்தால் உள்ளே ஒரு வண்டு சிக்கிக்கொண்டதைப் போல ரீங்காரம் ஓடும். காலையில் எழுந்ததும் வடிவு முதலில் செய்கிற காரியம் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான். வண்டு பாடினால் அப்பா இருக்கிறார். ஒரு சனிக்கிழமை தவறினால் திங்கட்கிழமையைப் பார்க்க மாட்டார் என்று நர்ஸ் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

அட்டையைப் புதுப்பிப்பது என்பது ஒரு பொத்தானை அழுத்துவது. அவ்வளவுதான். பக்கத்தைத் திறந்து, எண்ணைப் போட்டு, 'புதுப்பி' என்பதை அழுத்தினால் முடிந்தது.

"ஒரு நிமிச வேல" என்றார் அண்ணாச்சி.

காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தாள். மந்திரமூர்த்தி வெளியே பெஞ்சில், ஒரு நாள் முழுக்கக் குடிக்க அனுமதிக்கப்பட்ட தண்ணீரை ஊற்றிய சின்ன பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, தாகத்துக்கு மூடியில் ஊற்றி உதட்டை நனைத்துக்கொண்டு இருந்தார். பக்கம் திறக்கப் பத்தரை ஆனது. அப்பாவின் படம் பெரிதாக இருக்கிறது என்றது, சுருக்கினார்கள். சின்னதாக இருக்கிறது என்றது, பெரிதாக்கினார்கள். பின்னணி வெள்ளையாக இல்லை என்றது, பெஞ்சுக்குப் பின்னால் அண்ணாச்சியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேறு படம் எடுத்தார்கள். எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, அனுமதித்த நேரம் முடிந்தது, முதலிலிருந்து தொடங்கவும் என்றது. முதலிலிருந்து தொடங்கினார்கள். ரகசிய எண் வந்தது, அண்ணாச்சி கூவினார், போட்டாள், தவறான எண் என்றது, ஏனென்றால் அந்த நொடியில் வேறு யாருக்கோ வேறு ஆறு இலக்கம் வந்திருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு அது கட்டங்களைக் காட்டத் தொடங்கியது.

சேர்மன் தானே வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "எங்க அழுத்தணும்னு நான் சொல்லுதேன், நீ அழுத்து புள்ள."

"எங்க வீட்டுச் சாமானத் தவிர எதையும் அழுத்த மாட்டேன்" என்றாள் வடிவு.

"ரோசத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

கதவு கேட்டது, தன் வீட்டுக் கதவை அழுத்தினாள். போதாது என்று அடுத்த ஒன்பதைக் காட்டியது. கட்டில் கேட்டது, அப்பாவின் கட்டிலைக் கொடுத்தாள். அம்மி கேட்டது, ஜன்னல் கேட்டது, சட்டம் போட்டு மாட்டிய படம் கேட்டது, அதில் அவள் அம்மா கல்யாணச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள், வடிவு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு அதையும் அழுத்தினாள். பதினான்காவது சுற்றுக்குப் பிறகு வீடு என்று அவர்களுக்கு மிஞ்சியது நான்கு சுவர். செய்தி தெருவுக்குப் போய்க் கூட்டம் கூடிவிட்டது, எல்லோரும் கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள், ரொம்ப நாளாக வெளியே வராத செல்லப்பாகூட வந்திருந்தார்.

நாலு நாற்பதுக்குத் திரை புதிதாக ஒன்று கேட்டது.

மனிதர்கள் உள்ள கட்டங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவும். ஒருவரும் இல்லையென்றால் 'இல்லை' என்பதை அழுத்தவும்.

முதல் கட்டத்தில் சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்ததில் அண்ணாச்சி, கழுத்தில் போனோடு. ஒன்றில் நிழலில்லாத செல்லப்பா, ஒன்றில் கண்ணாடியில் ஒட்டிய மூக்குகள், ஒன்றில் பெஞ்சில் அப்பா, பாட்டில் மூடியை உதட்டுக்குக் கொண்டுபோகிறார், கட்டத்துக்குள் கை அசைகிறது. நட்டநடுக் கட்டத்தில் அவள்.

முதலில் வாயைத் திறந்தவர் சேர்மன். "எல்லாத்தையும் அழுத்த வேண்டாம். தெற்குத் தெரு ஆளுகள மட்டும்..." என்று தொடங்கியவர், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சொல்லாமல் விட்டதை அந்தத் திரை உட்பட எல்லோரும் கேட்டார்கள்.

மந்திரமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "ஏளா வடிவு. என் கட்டத்த மட்டும் அழுத்து. யாருக்கும் தொந்தரவு இல்லாம முடிஞ்சிரும்."

"ஒங்கள அழுத்திட்டு ஒங்க அட்டைய வச்சு நான் என்னப்பா செய்ய? சட்டம் போட்டு மாட்டவா? மாட்டுறதுக்குச் சட்டமும் இல்ல."

"பேச்சுல ஒன்ன ஜெயிக்க முடியாது தாயி. மணியப் பாரு."

நாலு ஐம்பத்திரண்டு. அவள் யோசித்தாள். சும்மா இல்லை, பரீட்சை மண்டபத்தில் யோசிப்பதைப் போல யோசித்தாள்.

"அண்ணாச்சி, இதுவரைக்கும் போனது எல்லாம் எப்படிப் போச்சு? கட்டத்த அழுத்துனதாலதான? அழுத்தாத வேம்பு இன்னைக்கும் சேர்மன் வாசல்ல நிக்குதா இல்லையா?"

"நிக்கி."

"அப்ப கட்டத்தத் தொடவே தொடாம, கீழ இருக்க 'இல்லை'ய அழுத்துனா?"

"தப்புன்னு சொல்லும். அடுத்த ஒம்பதக் காட்டும்."

"காட்டட்டும். அதுல மனுசன் இல்லாம வேற ஏதாச்சும் கேக்கும்லா. யாரும் போவ மாட்டாங்கள்லா."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளதான் என்று யாரோ சொன்னார்கள். செல்லப்பா மட்டும் கண்ணாடிக்கு வெளியே தலையை ஆட்டினார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கடைக்குள்ளும் கண்ணாடிக்கு வெளியிலும் மூச்சு விட்டுக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு அத்தனை பேர் நிற்க, ஒருவரும் இல்லை என்ற பொத்தானை வடிவு அழுத்தினாள்.

அது அடுத்த ஒன்பதைக் காட்டவில்லை. அந்தத் திரை அத்தனை வருடத்தில் அவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. நன்றி, சரிபார்க்கப்பட்டது, என்றது. வெகுநாளாகத் தான் எண்ணிக்கொண்டிருந்ததைக் கடைசியில் அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்ட திருப்தி அந்தப் பச்சைக் குறியில் இருந்தது. பிரிண்டர் உறுமியது, காப்பீட்டு அட்டை வந்து விழுந்தது, அதோடு நிற்காமல் ஊரில் தேங்கிக் கிடந்த பட்டாக்களும் சான்றிதழ்களும் ரேஷன் அட்டைகளும், மூன்று வருடமாக வராத கல்யாணப் பதிவுகளும்கூட ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஒருவரும் மறையவில்லை. சேர்மன் ஆட்களை எண்ணச் சொன்னார், எண்ணினார்கள், எல்லோரும் இருந்தார்கள். யாரோ மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு நிமிட வேலை என்று அண்ணாச்சி சொன்னது அன்றைக்குத்தான் உண்மையாயிற்று.

அண்ணாச்சியின் போன் அதற்குப் பிறகு அடிக்கவில்லை. வெளியூரிலிருந்து ஆறு மணிக்கு வருகிற பால் வண்டி, பால் சங்கத்து வாசலில் நிறைந்த கேன்களைத் தாண்டி நிற்காமல் போனது. புது ஆளாக இருக்கும் என்றார்கள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே வடிவு அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். வண்டு பாடியது. ஆனால் பாதங்கள் வீங்கியிருந்தன, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினார். கதவில்லாத வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு அவரை நடத்திக்கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆனது. ஆறு பத்து பஸ் வந்தது. கையைக் காட்டினாள். கண்டக்டர் சப்பாணிமுத்து அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தெரிந்தவர், படியில் தொங்கிக்கொண்டு நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆளில்ல, போலாம் ரைட்" என்றார்.

பஸ் கடந்து போனது. அதன் காற்று அவளுடைய தாவணியை இழுத்துவிட்டுப் போனது. அவள் அங்கே நிற்பது காற்றுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி ஓடிவந்து போனை நீட்டினார், ஊருக்கு வெளியே ரோட்டில் சிக்னல் நன்றாகவே இருந்தது, ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். "ஹலோ, ஹலோ" என்றது ஒரு பெண்குரல், "வெறும் எரைச்சலாத்தான் கேக்குது" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தது. மறுபடி போட்டாள். மறுபடி வைத்தது.

அடுத்த பஸ் ஏழு இருபது. அதை விட்டால் அன்றைக்குப் படுக்கை இல்லை. இதற்குள் ஊர் முழுக்க ரோட்டோரம் வந்து சேர்ந்திருந்தது, நேற்றைய சான்றிதழ்கள் கையிலும் மடியிலும் இருந்தன, தாம் எதற்குச் சம்மதித்தோம் என்பது ஒவ்வொருவருக்கும் மெல்ல மெல்ல உறைத்துக்கொண்டிருந்தது.

"நாந்தான அழுத்துனேன்" என்றாள் வடிவு. அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "நாந்தான சொன்னேன், ஆளில்லன்னு."

பிறகு நடந்து போய் ரோட்டின் நட்டநடுவில், வெள்ளைக்கோட்டின் மேல் நின்றாள்.

"எம்மா, வந்திரு! அவன் பாக்கலன்னா என்ன செய்வ?" என்று அண்ணாச்சி கத்தினார்.

"பாக்காட்டியும் நான் இருக்கேன்லா அண்ணாச்சி. இருக்கவ மேல இடிச்சாத் தெரியும்லா!"

மந்திரமூர்த்தி தடுக்கவில்லை. வீங்கிய காலை இழுத்து இழுத்து வந்து மகள் பக்கத்தில் நின்றார், இடது கையை அவள் கைக்குள் கொடுத்தார். அடுத்து வந்தவர் செல்லப்பா. அவருக்குப் பின்னால் தெற்குத் தெரு வந்தது. கடைசியில், தன் வீட்டு வேம்பு நிற்கிற திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சேர்மனும் வந்தார். வரிசையில் நின்றே பழகிய அந்த ஊர் முதல்முறையாக வரிசை இல்லாமல் நின்றது. வெயில் ஏறிவிட்டது. ஆனால் தாரில் ஒரு நிழலும் விழவில்லை.

தொலைவில் பஸ் திரும்பியது. வடிவின் விரலுக்கடியில் வண்டு பாடிக்கொண்டிருந்தது. பஸ் நேரே வந்தது, நல்ல வேகம். ஹார்ன் அடிக்கவில்லை. ஆளில்லாத ரோட்டில் யார் ஹார்ன் அடிப்பார்கள்?